எஸ்.பி.எம்.மில் 'சி' வாங்கியவர் டாக்டருக்குப் படிக்கலாமா? பீடோங்கிலிருந்து ஒரு வழிகாட்டி

மலேசியாவின் கெடா மாநிலத்தில் உள்ள பீடோங்கில் ஹார்வர்ட் என்றால் அது ஒரு தோட்டத்தின் பெயர். "நான் ஹார்வர்டில் படித்தவன்" என்று எங்கள் ஊர்க்காரர் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னால் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியைச் சொல்கிறார் என்று பொருள், பொய்யும் இல்லை. அங்கிருந்து கொஞ்ச தூரம் போனால் செமிலிங்கில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம். 2001இல் தொடங்கியது, மருத்துவமும் சொல்லித் தருகிறது. இவ்வளவு பக்கத்தில் இருந்தும் அதற்குள் போகும் வழி பலருக்குத் தெரியாது. ஐந்தாம் படிவ முடிவில் வரும் எஸ்.பி.எம். தேர்வை எழுதிவிட்டு வேலைக்குப் போய், இருபத்தைந்து, இருபத்தெட்டு வயதில் "அண்ணே, ரிசல்ட் சுமார்தான், இப்ப டாக்டருக்குப் படிக்க முடியுமா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தனியார் கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கும் பெண், சுங்கை பட்டாணித் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கும் பையன், டயாலிசிஸ் நிலையத்தில் உதவியாளராக இருப்பவர். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முழுப் புள்ளியான 4.00 எடுத்த பிள்ளைகளுக்கு வழிகாட்ட ஊரில் ஆயிரம் பேர் உண்டு.

முடியும். ஆனால் வரிசை முக்கியம். முதலில் பழைய எஸ்.பி.எம்., பிறகு முன்-பல்கலைக்கழகப் படிப்பு, அதன் பிறகுதான் பணம், கல்லூரி, ஏஜெண்ட் எல்லாம். நம் மக்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஏஜெண்டில் தொடங்கி, எஸ்.பி.எம்.மில் வந்து முட்டிக்கொள்கிறார்கள்.

முதல் படி: எஸ்.பி.எம். சான்றிதழை வெளியே எடுங்கள்

அலமாரியில் அம்மா பத்திரமாக வைத்திருக்கும் அந்தத் தாளை எடுத்து மேசைமேல் வையுங்கள். மலேசிய மருத்துவ மன்றம், மருத்துவப் படிப்பில் சேர ஒரு குறைந்தபட்சத் தகுதியை விதித்திருக்கிறது. அரசுப் பல்கலைக்கழகம், தனியார் என்ற வேறுபாடு இதில் கிடையாது. வழக்கமான வழியில் வருபவர் எஸ்.பி.எம்.மில் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் அல்லது கூடுதல் கணிதம், இவற்றோடு இன்னும் ஒரு பாடம், ஆக ஐந்திலும் குறைந்தது 'பி' எடுத்திருக்க வேண்டும். அதற்கு மேல் முன்-பல்கலைக்கழகப் படிப்பு. பல்கலைக்கழகம் நடத்தும் ஃபவுண்டேஷன் அல்லது அரசின் மெட்ரிகுலேஷன் என்றால் சி.ஜி.பி.ஏ. என்ற சராசரிப் புள்ளி, 4.00க்கு 3.0. ஆறாம் படிவத் தேர்வான எஸ்.டி.பி.எம்., பிரிட்டிஷ் முறையிலான ஏ-லெவல் என்றால் உயிரியல், வேதியியல், அவற்றோடு இயற்பியல் அல்லது கணிதம், மூன்றிலும் 'பி' இருந்தால் போதும். இந்த விதிகளை மன்றம் அவ்வப்போது திருத்தும். ஆகவே விண்ணப்பிக்கும் ஆண்டில் மன்றத்தின் இணையத்தளத்தில் இருப்பதைப் படியுங்கள். பக்கத்து வீட்டு அக்காள் படித்த காலத்துக் கதை உதவாது.

இங்கேதான் பொறி இருக்கிறது. பள்ளியில் 'சி'யும் 'சி பிளஸ்'ஸும் கிரெடிட். "ஏழு கிரெடிட் வாங்கியிருக்கான்" என்று வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். அறிவியல் ஃபவுண்டேஷனில் சேர அந்தக் கிரெடிட்டுகள் போதும். ஐந்து கிரெடிட் இருந்தாலே கல்லூரி வாசலில் வரவேற்பு கிடைக்கும். நீங்கள் ஓராண்டு படித்து, பல ஆயிரம் ரிங்கிட் கட்டி, 3.7 கூட எடுத்துவிடலாம். அதன் பிறகு மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கும்போது, இயற்பியலில் இருக்கும் அந்த ஒரு 'சி பிளஸ்' உங்களைத் தடுத்துவிடும். உங்களைச் சேர்த்துக்கொண்ட கல்லூரிக்காரர் விதியை மீறவில்லை, ஃபவுண்டேஷனுக்கு உங்களுக்குத் தகுதி இருந்தது. மருத்துவத்துக்கு இருக்கிறதா என்று நீங்கள் கேட்கவில்லை, அவரும் வாயைத் திறக்கவில்லை. எனவே ஃபவுண்டேஷன் விண்ணப்பத்தில் கையெழுத்து போடுவதற்கு முன், "என்னுடைய இந்த எஸ்.பி.எம். முடிவோடு, இந்த ஃபவுண்டேஷனில் 3.0 எடுத்தால், உங்கள் எம்.பி.பி.எஸ்.சில் சேர நான் தகுதி பெறுவேனா?" என்று மின்னஞ்சலில் கேளுங்கள். பதிலும் மின்னஞ்சலில் வரட்டும். வாட்ஸ்அப் குரல்பதிவும், மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் "போலே, போலே" (முடியும், முடியும்) என்ற பேச்சும் கணக்கில் சேராது.

மேசைமேல் உள்ள தாளில் நீங்கள் காணக்கூடியது மூன்று விதம்.

அறிவியல் பாடங்கள் எல்லாம் எழுதி, ஒன்றிரண்டில் மட்டும் 'சி' இருக்கிறது. இது எளிய நிலை. அந்தப் பாடங்களைத் திரும்ப எழுதினால் போதும். ஆனால் இரண்டு வெவ்வேறு ஆண்டுகளில் எழுதிய முடிவுகளைச் சேர்த்து ஏற்பார்களா என்பதை நீங்கள் குறிவைத்திருக்கும் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேட்டுவிட்டே பதிவு செய்யுங்கள்.

எல்லா அறிவியலிலும் 'டி', 'ஈ'. ஒரு வருடத்தை முழுசாக ஒதுக்க வேண்டும்.

கலைப்பிரிவில் படித்து, பொது அறிவியல் ஒன்றை மட்டும் எழுதியவர்கள். தோட்டப்புற இடைநிலைப்பள்ளிகளிலிருந்து வருபவர்களில் இவர்கள் நிறைய. "சயின்ஸ்ல ஏ வாங்கினேனே" என்பார்கள். அந்தப் பாடம் உயிரியலுக்கும் வேதியியலுக்கும் ஈடாகாது. மூன்று பாடங்களை முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும், இரண்டு வருடம் என்று கணக்கு வையுங்கள்.

மலாய் மொழியையும் வரலாற்றையும் பாருங்கள். இரண்டிலும் தேறினால்தான் சான்றிதழே உண்டு. வரலாற்றுக்கு இந்தக் கட்டாயம் 2013இலிருந்து. மலாய் மொழியில் வெறும் தேர்ச்சி இருந்தால் அதைக் கிரெடிட்டாக உயர்த்திக்கொள்ளுங்கள். அரசாங்கத்தில் நிரந்தர டாக்டராக வேண்டும் என்றால் அது கேட்கப்படும். மலாய் மொழி, வரலாறு, கணிதம் மூன்றுக்கும் மறுதேர்வு தனியாக ஆண்டின் நடுவில் நடக்கிறது. முக்கியத் தேர்வு வரை காத்திருக்க வேண்டாம்.

இரண்டாம் படி: வருடங்களை எண்ணுங்கள்

இது சின்ன வேலை, ஆனால் யாரும் செய்வதில்லை. உங்களுக்கு இப்போது 26 என்று வைத்துக்கொள்வோம். மறு எஸ்.பி.எம். ஒரு வருடம், ஃபவுண்டேஷன் ஒரு வருடம், எம்.பி.பி.எஸ். ஐந்து வருடம், பயிற்சி மருத்துவர் பணி இரண்டு வருடம். 35. அதன்பின் கட்டாய அரசுப் பணி. ஒரு தேர்வு தவறினால் ஒரு வயது கூடும். மருத்துவ மாணவருக்கு உச்ச வயது என்று தனியார் பல்கலைக்கழகங்கள் பொதுவாக வைப்பதில்லை, ஆகவே வயதுக்காக உங்களைத் துரத்தமாட்டார்கள். ஆனால் இந்த ஒன்பது வருடத்தில் கல்யாணம் வரும், அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெறுவார், தோட்டத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லலாம், தங்கைக்குப் படிப்புச் செலவு வரும். வீட்டில் எல்லாரையும் உட்காரவைத்து இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். பெண் பிள்ளைகள் இந்தப் பேச்சைத் தள்ளிப்போடவே கூடாது. இரண்டாம் ஆண்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கி, மூன்றாம் ஆண்டில் படிப்பு நிற்பதை இந்த ஊர் பார்த்திருக்கிறது.

மூன்றாம் படி: எஸ்.பி.எம்.மை மறுபடி எழுதுங்கள்

பள்ளிக்குத் திரும்பிப் போக முடியாது. பள்ளி வழியாக இல்லாமல் தனித்தேர்வராக எழுதலாம். கல்வி அமைச்சின் தேர்வு வாரிய இணையத்தளத்தில் பதிவு செய்து, கட்டணம் கட்டி, மாநிலக் கல்வி இலாகா சொல்லும்படி ஆவணங்களைக் கொடுக்க வேண்டும். கெடாவுக்கு இலாகா அலோர் ஸ்டாரில். பதிவு, தேர்வுக்குப் பல மாதம் முன்பே மூடிவிடும். "எழுதலாம்னு நினைச்சேன், தேதி முடிஞ்சிடுச்சு" என்பதிலேயே ஒரு வருடம் போய்விடும்.

இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றுக்கும் செய்முறைத் தேர்வும் உண்டு. பள்ளி மாணவருக்கு ஆய்வுக்கூடம் இருக்கிறது, உங்களுக்கு இல்லை. எங்கே பயிற்சி எடுப்பது, தேர்வு எந்த மையத்தில் என்பதைப் பதிவு செய்யும்போதே கல்வி இலாகாவில் கேளுங்கள். பழைய ஆசிரியரைப் போய்ப் பார்ப்பதில் வெட்கம் வேண்டாம். "டீச்சர், திரும்ப எழுதப் போறேன்" என்று வந்து நிற்கும் மாணவனைத் துரத்திய ஆசிரியரை நான் பார்த்ததில்லை.

அண்ணன் படித்த புத்தகத்தை வைத்துப் படிக்காதீர்கள். 2021இலிருந்து எஸ்.பி.எம். புதிய பாடத்திட்டத்தில் நடக்கிறது. இயற்பியலில் குவாண்டம் வந்துவிட்டது, ஐந்தாம் படிவ உயிரியல் தாவரங்களில் தொடங்குகிறது, வினாத்தாளின் அமைப்பும் மாறிவிட்டது. பாடநூல்கள் புத்தகக்கடையில் கிடைக்கும், வாங்குங்கள்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. அறிவியல், கணிதத் தாள்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும் சேர்ந்தே அச்சாகின்றன, எந்த மொழியிலும் விடை எழுதலாம். மருத்துவத்துக்குப் போகிறவர் ஆங்கிலத்தில் படிப்பதுதான் லாபம் என்பது என் கருத்து. ஃபவுண்டேஷனும் எம்.பி.பி.எஸ்.சும் ஆங்கிலத்தில்தான். தமிழ்ப்பள்ளி, பிறகு மலாய் இடைநிலைப்பள்ளி என்று வந்தவருக்கு முதல் இரண்டு மாதம் நாக்கும் ஓடாது, பேனாவும் ஓடாது. அந்த இரண்டு மாதக் கஷ்டத்தை இப்போதே பட்டுவிட்டால், பிறகு உடற்கூறு வகுப்பில் பட வேண்டியதில்லை.

வேதியியலில் பொருளின் அளவைச் சொல்லும் மோல் கணக்கைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். 'சி'யில் நின்றவர்களின் விடைத்தாளைப் பார்த்தால் பெரும்பாலும் சறுக்கல் அங்கேதான். சமன்பாடு எழுதத் தெரியாது, எழுதினாலும் எத்தனை மோல் என்று சொல்லத் தெரியாது. அதனால் அமிலம்-காரம், மின்வேதியியல், கரிம வேதியியல் எல்லாவற்றிலும் ஒவ்வொரு கேள்வியாகப் பறிபோகும். ஒரு மாதம் வேறு எதையும் தொடாமல் மோல் மட்டும் போடுங்கள். உயிரியலில் சறுக்குவது வேறு விதம். விஷயம் தெரியும், எழுதத் தெரியாது. "ரத்தத்தில் சர்க்கரை கூடினால் உடம்பு சரிசெய்யும்" என்று எழுதினால் மதிப்பெண் இல்லை. கணையம், இன்சுலின், கல்லீரல், கிளைக்கோஜன் என்று ஒவ்வொரு கண்ணியும் வரிசையாக விழ வேண்டும். பழைய வினாத்தாளை எடுத்து, விடைக்குறிப்போடு ஒப்பிட்டு, எந்தச் சொல்லுக்கு மதிப்பெண் கொடுக்கிறார்கள் என்று சிவப்புப் பேனாவால் கோடு போடுங்கள்.

டியூஷனுக்குச் சுங்கை பட்டாணி போகலாம். 1982இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் நாடு முழுக்க நம் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்துகிறது, விசாரித்துப் பாருங்கள். ஷிப்ட் வேலையில் இருப்பவர் வகுப்பு நேரத்துக்கு ஏற்ப ஷிப்டை மாற்றித் தரும்படி சூப்பர்வைசரிடம் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். இரவு ஷிப்ட் முடித்துவிட்டு காலையில் இயற்பியல் படிப்பேன் என்பவர்கள் மூன்றாம் வாரத்தில் நிறுத்திவிடுவார்கள்.

இந்த மறுதேர்வு ஆண்டுக்கு இன்னொரு பயன் உண்டு. வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்காமல் உங்களை நீங்களே சோதித்துக்கொள்ளக் கிடைக்கும் ஒரே சந்தர்ப்பம் இது. ஒரு வருடம் உண்மையாக உழைத்தும் வேதியியலில் 'பி' வரவில்லை என்றால், எம்.பி.பி.எஸ். முதலாண்டின் உயிர்வேதியியல் உங்களை இன்னும் அதிகமாக வதைக்கும். அதைச் சில நூறு ரிங்கிட் செலவில் தெரிந்துகொள்வது நல்லதா, லட்சக்கணக்கில் கட்டிய பிறகா?

நான்காம் படி: முன்-பல்கலைக்கழகப் படிப்பு

மெட்ரிகுலேஷனை மறந்துவிடுங்கள். அது பள்ளி முடித்த கையோடு போகிற பிள்ளைகளுக்கு.

எஸ்.டி.பி.எம். செலவு குறைவு, மதிப்பு அதிகம், கடினமும் அதிகம். ஒன்றரை ஆண்டில் மூன்று பருவம், தனித்தேர்வராகவும் எழுதலாம், ஆனால் அறிவியல் செய்முறைக்கும் பாடப்பணிக்கும் ஆதரவு இல்லாமல் வீட்டில் உட்கார்ந்து எழுதுவது மலையேற்றம். வேலை செய்துகொண்டே எஸ்.டி.பி.எம். அறிவியலில் மூன்று 'பி' எடுப்பவர் இருக்கலாம், நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன்.

ஏ-லெவல் தனியார் கல்லூரிகளில் உண்டு, செலவும் அதிகம். ஆனால் உள்ளூரிலும் வெளிநாட்டிலும் பல இடங்களில் செல்லுபடியாகும்.

ஃபவுண்டேஷன் ஓராண்டு. பல்கலைக்கழகமே நடத்துவதால் பாடமும் தேர்வும் அங்கேயே. எங்கள் பகுதிப் பிள்ளைகளில் பலர் இதைத்தான் எடுக்கிறார்கள். அதன் குறை, ஒரு பல்கலைக்கழகத்தின் ஃபவுண்டேஷனை இன்னொன்று ஏற்காமல் போகலாம். சேரும்போதே மாற்று வழி என்ன என்று கேட்டுவையுங்கள். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். 3.0 என்பது விண்ணப்பிக்கும் தகுதி மட்டுமே. இடம் குறைவாக இருந்தால் 3.6காரர் முன்னால் போவார்.

ஏற்கெனவே பட்டயமோ பட்டமோ வைத்திருப்பவர்களுக்கு மன்றத்தின் விதியில் தனி வரிகள் உள்ளன. நர்சிங் பட்டயம், மருத்துவ உதவி அதிகாரி பட்டயம், உயிர்மருத்துவப் பட்டம் போன்றவை. கேட்கப்படும் சி.ஜி.பி.ஏ. உயர்வாக இருக்கும், எஸ்.பி.எம். அறிவியல் பாடங்களையும் சேர்த்துப் பார்ப்பார்கள். பத்து வருட வேலை அனுபவத்தை வைத்து, ஏபெல் என்ற முன்னனுபவ அங்கீகாரத்தின் வழி மருத்துவத்துக்கே போய்விடலாம் என்று சிலர் சொல்லித் திரிகிறார்கள். ஏபெல் நல்ல திட்டம், நிர்வாகம், கணினி போன்ற படிப்புகளுக்குப் பலருக்கு உதவியிருக்கிறது. ஆனால் தொழில்முறை மன்றம் கட்டுப்படுத்தும் படிப்புகளில் மன்றத்தின் விதிதான் செல்லும். ஏபெலைக் காட்டி மருத்துவ இடம் வாங்கித் தருவதாக யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு யூ.பி.யூ. என்ற பொது விண்ணப்ப முறை வழியாக விண்ணப்பம். மதிப்பீட்டில் 90 விழுக்காடு கல்வி, 10 விழுக்காடு புறப்பாடம். மருத்துவத்துக்கு 4.00 எடுத்தவர்களே இடம் கிடைக்காமல் பத்திரிகையில் பேட்டி கொடுக்கிறார்கள். தகுதி இருந்தால் விண்ணப்பியுங்கள், அதை நம்பி உட்காராதீர்கள்.

ஐந்தாம் படி: பணம்

தனியாரில் ஐந்தாண்டு எம்.பி.பி.எஸ். கட்டணம் மூன்று லட்சம் ரிங்கிட்டைத் தாண்டுவது சாதாரணம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் மலேசியக் கிளைகளில் ஐந்து லட்சத்துக்கு மேலும் போகும். தங்கும் விடுதி, சாப்பாடு, புத்தகம், மருத்துவமனைச் சுழற்சிக்குப் போய்வரும் பெட்ரோல் தனி. செமிலிங்குக்கு மோட்டார் சைக்கிளில் போய்வர முடிகிறவருக்கு விடுதிச் செலவு மிச்சம். பக்கத்தில் இருப்பதற்கு அந்த அளவுக்காவது பயன் இருக்கட்டும்.

வழிகள் என்னென்ன? அரசாங்கத்தின் உயர்கல்வி நிதியான பி.டி.பி.டி.என். தரும் கடனுக்கு விண்ணப்பிக்கும் நாளில் 45 வயதைத் தாண்டியிருக்கக் கூடாது, ஆகவே நம் ஆட்களுக்கு வயது தடை இல்லை. அதன் எஸ்.எஸ்.பி.என். கல்விச் சேமிப்புக் கணக்கு ஒன்றைத் திறந்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் கடன் தனியார் மருத்துவக் கட்டணம் முழுவதையும் மூடாது. மீதிக்கு என்ன வழி என்று எழுதிவைத்த பிறகே சேருங்கள். ஊழியர் சேமநிதியில் கல்விக்கென்று எடுக்கலாம். 2024 மே மாதத்திலிருந்து கணக்கு மூன்றாகப் பிரிந்ததில், கல்விக்கான பணம் செஜாத்ரா கணக்கிலிருந்து வரும். உங்கள் சேமிப்பு மட்டுமல்லாமல், பெற்றோரும் பிள்ளைக்காக எடுக்கலாம். 1984இல் ம.இ.கா. கட்சி அமைத்த எம்.ஐ.இ.டி. என்ற கல்வி அமைப்பு கல்விக்கடன் தருகிறது, ஏய்ம்ஸ்டை நடத்துவதும் அதுதான். பல்கலைக்கழகங்கள் தரும் கட்டணக் கழிவுகள் பெரும்பாலும் நல்ல மதிப்பெண்ணுக்கே. ஆனால் குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவி இருக்கிறதா என்று கேட்காமல் விடாதீர்கள். கேட்டவருக்குத்தான் விண்ணப்பப் பாரம் கிடைக்கும்.

இதில் எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. பெற்றோருக்கு இருப்பது குடியிருப்புப் பகுதியில் ஒரே தாமான் வீடு, அதுவும் முப்பது வருடம் தோட்டத்தில் உழைத்துவிட்டு வாங்கியது என்றால், அதை அடகு வைத்து முதலாண்டுக் கட்டணம் கட்டாதீர்கள். முதலாண்டுத் தேர்வில்தான் ஆட்கள் உதிர்கிறார்கள். வட்டி முதலைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கோவிலில் தலைவராக இருக்கிறார், தெரிந்தவர், வட்டி குறைவு என்று வந்தாலும் வேண்டாம்.

ஆறாம் படி: கல்லூரியும் ஏஜெண்டும்

ஒரு கல்லூரி எத்தனை பெரிய பதாகை வைத்திருந்தாலும் பார்க்க வேண்டியது இரண்டுதான். மலேசியத் தகுதிகள் பதிவேட்டில் அந்தப் படிப்பு இருக்கிறதா? மருத்துவ மன்றம் அந்தப் பட்டத்தை அங்கீகரித்திருக்கிறதா? வெளிநாட்டுக்கென்றால் 1971ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் மட்டும் போதாது, எந்தத் தேதி வரைக்கும் அங்கீகாரம் என்பதையும் படியுங்கள். 2005இல் கிரைமியா மாநில மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பட்டத்துக்குக் கொடுத்திருந்த அங்கீகாரத்தை அரசாங்கம் விலக்கியபோது, நம் சமூகத்தில் எத்தனை வீடுகளில் அடுப்பு எரியவில்லை என்பது அப்போது பத்திரிகை படித்தவர்களுக்கு நினைவிருக்கும். அட்டவணையில் இல்லாத இடத்தில் படித்துவிட்டு வந்தால், இங்கே பயிற்சி மருத்துவராகும் முன் தனித் தகுதித் தேர்வில் தேற வேண்டும்.

"அங்கே எஸ்.பி.எம். பார்க்கமாட்டாங்க" என்பது ஏஜெண்டுகளின் பழைய பாட்டு. அங்கே பார்க்கமாட்டார்கள்தான். திரும்பி வந்து பதிவு செய்யும்போது இங்கே பார்ப்பார்கள். மேலே சொன்ன குறைந்தபட்சத் தகுதி வெளிநாடு போகிறவருக்கும் பொருந்தும். கிளம்பும் முன் உயர்கல்வி அமைச்சின் ஆட்சேபமின்மைச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். உங்கள் தகுதியில் ஓட்டை இருந்தால் விமானம் ஏறும் முன்பே தெரிந்துவிடும். தாத்தா ஊரான தமிழ்நாட்டுக்குப் போகலாம் என்று யோசிப்பவர்கள் கவனிக்க: இந்தியாவில் எம்.பி.பி.எஸ். சேர வெளிநாட்டுக் குடிமக்களும் நீட் எழுத வேண்டும். ஏஜெண்டுக்கு ஒரு தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் உண்டு. அது குற்றமில்லை, அவர் பிழைப்பு. அவர் சொல்வதை அறிவுரையாக எடுத்துக்கொள்வதில்தான் ஆபத்து.

ஏழாம் படி: விண்ணப்பக் கடிதமும் நேர்முகமும்

மதிப்பெண் குறைந்தவருக்குத் தன்னைக் காட்டிக்கொள்ளக் கிடைக்கும் இடம் இது. ஆனால் பெரும்பாலானோர் "சின்ன வயதிலிருந்தே டாக்டராக ஆசை" என்று தொடங்கி அந்த இடத்தை வீணாக்குகிறார்கள். எல்லாருக்கும் ஆசைதான். பழைய மதிப்பெண்ணை மறைக்காமல் இரண்டு வரியில் முடியுங்கள். ஐந்தாம் படிவத்தில் என்ன நடந்தது, அதன் பிறகு என்ன செய்து அதை மாற்றினீர்கள். அப்பாவின் குடி, வீட்டு வறுமை என்று பக்கம் பக்கமாக எழுத வேண்டாம். மறுதேர்வு முடிவு உங்களுக்காகப் பேசும்.

உங்களிடம் இருந்து, பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் இல்லாதது வேலை அனுபவம். டயாலிசிஸ் நிலையத்தில் வாரம் மூன்று நாள் அதே நாற்காலியில் வந்து உட்காரும் நோயாளிகளைப் பார்த்தவர், அவர்களில் எத்தனை பேர் நம்மவர்கள் என்பதையும் பார்த்திருப்பார். 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இந்தியர்களில் 31.4 விழுக்காடு. இந்த எண்ணையும் நீங்கள் கண்ணால் கண்டதையும் இணைத்து, "மருந்து எழுதிக் கொடுத்தும் அவர் ஏன் சாப்பிடவில்லை" என்று சொல்ல முடிந்தால் தேர்வாளர் நிமிர்ந்து உட்காருவார். அம்மா தோட்டத்தில் களைமருந்து தெளித்தவரா? பாராக்குவாட் என்ற களைமருந்தை 2002இல் தடை செய்து, 2006இல் தடையை நீக்கி, 2020 ஜனவரி 1 முதல் மறுபடி முழுதாகத் தடை செய்தார்கள். முதுகில் மருந்துத் தோம்பு சுமந்தவரின் பிள்ளைக்கு அதைப் பற்றிப் பேசும் உரிமை உண்டு. படித்துவிட்டுப் பேசுங்கள். மருத்துவ அனுபவமே இல்லாதவர் செஞ்சிலுவையின் நம் நாட்டு வடிவமான செம்பிறைச் சங்கத்திலோ, செயின்ட் ஜான் ஆம்புலன்சிலோ சேரலாம். ஒரு நாள் இரத்ததான முகாமில் படம் எடுத்துக்கொள்வதைவிட, ஆறு மாதம் ஒரே இடத்துக்குப் போவது மேல்.

நேர்முகம் பல இடங்களில் சின்னச் சின்ன நிலையங்களாக நடக்கும். ஒவ்வொரு அறையிலும் ஒரு தேர்வாளர், சில நிமிடம், ஒரு சூழல். தவறான மருந்து கொடுத்த சக ஊழியரை என்ன செய்வீர்கள், இரத்தம் ஏற்ற மறுக்கும் நோயாளியிடம் எப்படிப் பேசுவீர்கள் என்பது போல. மனப்பாடம் உதவாது. நண்பரை எதிரில் உட்காரவைத்து, கடிகாரம் வைத்து, ஆங்கிலத்தில் சத்தமாகப் பேசிப் பழகுங்கள். வேலையிடத்தில் நடந்த ஒன்றைச் சொல்லுங்கள்; நோயாளியின் பெயரைச் சொல்லாதீர்கள். இரகசியம் காப்பவரா என்பதையும் கவனித்துக்கொண்டிருப்பார்கள்.

ஒப்பந்த டாக்டர் விவகாரம் கட்டாயம் வரும். 2016 டிசம்பரிலிருந்து புதிய டாக்டர்கள் நிரந்தரப் பணியில் இல்லாமல் ஒப்பந்தத்தில் எடுக்கப்படுகிறார்கள். 2021 ஜூலை 26 அன்று அவர்கள் அதை எதிர்த்துக் கறுப்பு உடையில் மருத்துவமனைகளுக்கு வெளியே வந்து நின்றார்கள். படித்து முடித்தால் அரசாங்க வேலை உறுதி என்ற காலம் போய்விட்டது. "தெரிந்தும் ஏன் வருகிறாய்?" என்பார்கள். உங்களிடம் உண்மையான பதில் இருக்க வேண்டும், அது வீட்டாருக்கும் தெரிந்த பதிலாக இருக்க வேண்டும்.

எட்டாம் படி: பக்கத்து வாசல்

விண்ணப்பம் நடந்துகொண்டிருக்கும்போதே இதையும் செய்யுங்கள். தோற்றபின் செய்யலாம் என்று வைத்தால் இன்னொரு வருடம் போய்விடும். அந்தக் காலத்துத் தோட்ட மருத்துவமனையில் டிரெசர் என்று ஒருவர் இருந்தார். காய்ச்சலா, பாம்புக்கடியா, பிரசவமா, முதலில் போய் நின்றது அவரிடம்தான். அந்த வேலையின் இன்றைய வடிவம் மருத்துவ உதவி அதிகாரி. சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகங்களில் மூன்றாண்டுப் பட்டயம். நர்சிங், இயன்முறை மருத்துவம், கதிர்ப்படப் பிரிவு எல்லாம் அங்கே உண்டு. எஸ்.பி.எம். கிரெடிட்டுகளோடு விண்ணப்பிக்கலாம், உங்கள் மறுதேர்வு இங்கேயும் கைகொடுக்கும். நோயாளியின் பக்கத்தில் நிற்பதுதான் உங்களுக்கு முக்கியம் என்றால், மூன்று ஆண்டில் நிற்கலாம், லட்சக்கணக்கில் கடன் இல்லாமல். நன்றாகப் படித்து உயர்ந்த சி.ஜி.பி.ஏ. எடுத்தால், மருத்துவக் கதவையும் பிறகு தட்டிப் பார்க்கலாம்.

விண்ணப்பம் பொதுச் சேவை ஆணையத்தின் இணையத்தளத்தில். ஒவ்வொரு படிப்புக்கும் வயது வரம்பும் பாடத் தகுதியும் விளம்பரத்தில் இருக்கும், முழுதாகப் படியுங்கள். சுயவிவரத்தில் மின்னஞ்சல் முகவரியைச் சரியாகக் கொடுங்கள், தம்பியின் முகவரியைக் கொடுக்காதீர்கள். அந்தப் பதிவு ஓராண்டுக்குத்தான் செல்லும். தேதியைச் சுவர் நாட்காட்டியில் வட்டம் போட்டு வைத்து, முடிவதற்கு முன் புதுப்பித்துவிடுங்கள்.